போனவரின் சாவி

(மெல்பர்னிலிருந்து நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எங்களுக்கு இங்கே இரவு. லண்டனில் முற்பகல், கனடாவில் விடிகாலை, ஊரில் பிற்பகல். என் குரல் உங்கள் காதுக்கு வந்து சேரும் வழியில் கண்ணுக்குத் தெரியாத பல பூட்டுகள் திறந்து மூடுகின்றன. அந்தப் பூட்டுகளின் சாவிகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பகுதி இந்த ஆஸ்திரேலிய மண்ணில் நடந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் கணினி படித்தவள் அல்ல. குமரி மாவட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் டிப்ளமோ முடித்து, பிழைப்புக்காகக் கடல் கடந்தவள். ஆனால் சாவி எனக்கு நன்றாகப் பழகிய பொருள். நாங்கள் படித்த காலத்தில் மேட்ரன் வருகிறார் என்பது அவர் இடுப்பில் தொங்கும் சாவிக் கொத்தின் சத்தத்தில்தான் தெரியும். சத்தம் கேட்டதும் வார்டில் எல்லோரும் நேராக நிற்போம்.

இங்கே வந்த பிறகு அந்தக் கொத்து என் கைக்கே வந்தது. ஆஸ்திரேலியாவில் மார்ஃபின், ஃபென்டனில், ஆக்சிகோடோன் போன்ற மருந்துகள் எட்டாம் அட்டவணையில் வருபவை. அவற்றைத் தனி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து நின்று ஒவ்வொரு ஆம்ப்யூலாக எண்ணி, பதிவேட்டில் உள்ள இருப்போடு ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்திட்ட பிறகுதான் சாவி கைமாறும். ஒருநாள் இரவு ட்யூட்டி முடிந்து சாவியைப் பையிலேயே போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். நாலாவது ஸ்டேஷனில் கை தட்டுப்பட்டது. இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்துத் திரும்பி ஓடினேன். யாரும் திட்டவில்லை. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் நான் ட்யூட்டியில் இல்லாத ஆள், என் கையிலோ வார்டின் சாவி. அந்த நிலைமை எவ்வளவு தவறானது என்று அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது.

இனி சர்வர் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்னால், இங்கே முதலில் குடியேறிய தமிழ்ப் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்து வைக்கலாம் என்று ஐந்து பேர் சேர்ந்தோம். நான் மெல்பர்ன் வீடுகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போய்ப் பதிவு செய்வேன். சிட்னியில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற பொறியாளர், யாழ்ப்பாணத்துக்காரர், மாத வாடகைக்கு ஒரு சிறு சர்வர் எடுத்து எல்லாவற்றையும் அதில் சேர்த்து வைத்தார். வயது எழுபதுக்கு மேல். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்போம்.

சர்வருக்குள் நுழைய பாஸ்வேர்ட் கிடையாது, சாவிதான் என்றார். போனில் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். என் மடிக்கணினியில் இரண்டு கோப்புகள் உருவாயின. "பொதுச்சாவியை எனக்கு மெயில்லை அனுப்புங்கோ பிள்ளை" என்றார். நான் மற்றதை, தனிச்சாவியை, அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "பிள்ளை, அந்தச் சாவி செத்துப்போச்சு. அழிச்சுப்போட்டுப் புதுசாச் செய்யுங்கோ. தனிச்சாவியை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. எனக்கும்தான்."

எனக்கும்தான் என்று அவர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. வார்டில் சாவி கைமாறியே ஆக வேண்டும். இங்கே சாவி கைமாறவே கூடாது. அப்படியானால் பூட்டு எப்படித் திறக்கிறது?

அந்தக் கேள்விக்கு விடை 1970களில் பிறந்தது. அதற்கு முன்பு ரகசியமாகப் பேச வேண்டுமென்றால் இருவரிடமும் ஒரே சாவி இருக்க வேண்டும். தூதரகங்கள் சாவிப் புத்தகங்களைப் பெட்டியில் பூட்டி ஆள் கையில் கொடுத்து அனுப்பின. 1976இல் அமெரிக்காவில் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாவியை இரண்டாகப் பிரிக்கலாம் என்றார்கள். ஒன்று பொதுச்சாவி, அதை ஊருக்கே காட்டலாம். மற்றது தனிச்சாவி, அது உரியவரை விட்டு நகரக் கூடாது. பொதுச்சாவியைப் பார்த்துத் தனிச்சாவியைக் கணக்கிட்டு எடுப்பது நடைமுறையில் முடியாது. அடுத்த ஆண்டே எம்ஐடியில் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் என்ற மூவர் பெரிய பகா எண்களை வைத்து அதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள்தான் ஆர்எஸ்ஏ.

இதே யோசனையை அவர்களுக்கு முன்பே கண்டுபிடித்த ஒருவர் பிரிட்டனில் இருந்தார். ஜேம்ஸ் எல்லிஸ். அரசின் ரகசியத் தகவல் நிறுவனமான ஜிசிஹெச்க்யூவில் வேலை செய்தார். 1970இல் அவர் யோசனையை எழுதி வைத்தார், 1973இல் அங்கேயே கிளிஃபர்ட் காக்ஸ் கணிதத்தைக் கண்டுபிடித்தார். எல்லாம் அரசு ரகசியம். 1997 டிசம்பரில்தான் அதை வெளியே சொல்ல அனுமதித்தார்கள். எல்லிஸ் அதற்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பரில், இறந்துவிட்டார். தன் பெயரை உலகம் சொல்வதை அவர் கேட்கவில்லை.

சர்வரில் நடப்பது இதுதான். என் பொதுச்சாவி ஒரு நீண்ட வரியாகச் சர்வரில் இருக்கிறது. நான் நுழைய முயலும்போது என் கணினி, அந்தத் தொடர்புக்கு மட்டுமே உரிய ஒரு தகவலின் மேல் தனிச்சாவியால் கையெழுத்திட்டு அனுப்புகிறது. சர்வர் அந்தக் கையெழுத்தைப் பொதுச்சாவியோடு ஒத்துப் பார்த்துக் கதவைத் திறக்கிறது. தனிச்சாவி என் கணினியை விட்டு வெளியே போவதில்லை. சர்வரை யாராவது கொள்ளையடித்தாலும் அங்கே கிடைப்பது பொதுச்சாவி மட்டும். அதை வைத்து ஒரு பூட்டையும் திறக்க முடியாது.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருந்தது. இது இன்னாருடைய பொதுச்சாவி என்று யார் சொல்வது? டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒரு பொதுக் கோப்பு இருக்கட்டும் என்று டிஃபியும் ஹெல்மனும் எண்ணினார்கள். 1978இல் லோரன் கோன்ஃபெல்டர் என்ற எம்ஐடி மாணவர் இளங்கலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டில் வேறு வழி சொன்னார். நம்பத் தகுந்த ஓர் இடம், "இந்தச் சாவி இன்னாருடையது" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் போதும். அதை அவரவர் கையோடு எடுத்துப் போகலாம், ஒவ்வொரு முறையும் டைரக்டரியைப் புரட்ட வேண்டாம். அதற்கு அவர் வைத்த பெயர்தான் சான்றிதழ். நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழைக் காட்டினால் என் ஆசிரியர் யாரென்று இங்கே யாரும் தேடுவதில்லை. அதே முறைதான். இந்தச் சான்றிதழ்களின் வடிவம் 1988இல் எக்ஸ்.509 என்ற பெயரில் உலகத் தரமானது. இன்று உங்கள் வங்கிப் பக்கத்தின் பூட்டுப் படத்துக்குப் பின்னால் இருப்பதும் அதன் வழிவந்ததே.

இந்தக் கணிதம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிறந்தது. அது ஆஸ்திரேலியாவுக்கு வந்ததற்குக் காரணம் அமெரிக்கச் சட்டம். 1990களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் பலமான மறையாக்க மென்பொருள் ஆயுதப் பட்டியலில் இருந்தது. பீரங்கியை ஏற்றுமதி செய்ய என்ன அனுமதி வேண்டுமோ அதே அனுமதி இதற்கும் வேண்டும். எம்ஐடி எழுதிய கெர்பரோஸ் என்ற மென்பொருள், பயனர்களைச் சர்வருக்கு அடையாளம் காட்டுவது. கிரேக்கக் கதையில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாததால், மறையாக்கப் பகுதிகளை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை வெளியிட்டார்கள். அந்தப் பதிப்புக்கு போன்ஸ், அதாவது எலும்புகள் என்று பெயர். நாயின் சதையை எடுத்துவிட்டால் எலும்புதானே மிச்சம்.

குயின்ஸ்லாந்தில் பாண்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் யங் என்பவர் அந்த எலும்புகளை எடுத்து, வெட்டப்பட்ட இடங்களில் தானே எழுதிய மறையாக்க நிரலை வைத்து மறுபடி உயிர் கொடுத்தார். ஈபோன்ஸ் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதப்பட்டதால் எந்த நாட்டிலும் யாரும் பயன்படுத்த முடிந்தது.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனம் இணையத்துக்கு எஸ்எஸ்எல் என்ற பூட்டைக் கொண்டுவந்தது. அமெரிக்கர்களுக்கு 128 பிட் சாவி, மற்ற உலகத்துக்கு 40 பிட் சாவி. அந்த 40 பிட் எவ்வளவு பலவீனம் என்றால், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரான்சில் டேமியன் டோலிகே என்ற ஆய்வாளர் பல கணினிகளைக் கொண்டு எட்டே நாளில் ஒன்றை உடைத்துக் காட்டினார். அந்த வருடம்தான் எரிக் யங்கும் டிம் ஹட்சனும் பிரிஸ்பேனில் எஸ்எஸ்எல்லை முழு பலத்தோடு தாங்களே எழுதி, மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டார்கள். எரிக் யங்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்எஸ்எல்-ஈஏஒய் என்று பெயர். உலகமெங்கும் சர்வர்கள் அதை எடுத்துக்கொண்டன. 1998இல் அவர்கள் இருவரும் வேறு வேலைக்குப் போக, மற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். டிசம்பர் 23 அன்று முதல் பதிப்பு வெளியானது. அதுதான் ஓபன்எஸ்எஸ்எல். இன்றைக்கு உலகத்தின் பெரும்பகுதி சர்வர்களில் தனிச்சாவி செய்வதும் சான்றிதழைச் சரிபார்ப்பதும் இந்த நிரல்தான். நாம் வாழும் இந்த நாட்டின் கிழக்குக் கரையில் இரண்டு பேர் தொடங்கி வைத்தது.

சர்வருக்குள் நுழையும் சாவியின் கதை பின்லாந்தில் தொடங்குகிறது. அதே 1995. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரலை வைத்து ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளைத் திருடிவிட்டார்கள். அங்கிருந்த ஆய்வாளர் டாட்டூ யுலனென் கோபத்தில் உட்கார்ந்து எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். 1999இல் அதன் திறந்த வடிவமான ஓபன்எஸ்எஸ்ஹெச் வந்தது. அதை நெடுங்காலமாகப் பேணிவருபவர்களில் டேமியன் மில்லர் ஆஸ்திரேலியர்.

இந்த முறையில், சர்வரில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சிறு கோப்பு உண்டு. ஆத்தரைஸ்டு கீஸ் என்பார்கள். அனுமதி பெற்ற சாவிகளின் பட்டியல் அது. வரிக்கு ஒரு பொதுச்சாவி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் விருப்பப்பட்டால் ஒரு குறிப்பு எழுதலாம், பெயரோ கணினியின் பெயரோ. அந்தக் குறிப்பைச் சர்வர் படிப்பதில்லை, அது மனிதர்களுக்காக. நம் தனிச்சாவிக் கோப்பை மற்றவர்கள் படிக்க முடிகிற மாதிரி வைத்திருந்தால் எஸ்எஸ்ஹெச் எச்சரித்துவிட்டு அதைப் பயன்படுத்த மறுத்துவிடும். தனிச்சாவியில் இவ்வளவு கண்டிப்பு. பட்டியலிலோ ஒரு வரியைச் சேர்த்தால் அது அங்கேயே இருக்கும். காலாவதி இல்லை, கேள்வி இல்லை. சேர்த்தவர் மறந்தாலும் சர்வர் மறக்காது.

இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குப் பிடிபட்டது இதுதான். பூட்டின் கணிதம் உடைந்து நடந்த விபத்துகள் குறைவு. பெரிய விபத்துகள் பலவும் சாவி உண்டான இடத்திலோ, யாரை நம்புகிறோம் என்ற பட்டியலிலோதான் நடந்திருக்கின்றன. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பைப் பராமரித்தவர்களில் ஒருவர், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறது என்று ஓபன்எஸ்எஸ்எல்லில் இரண்டொரு வரியை நீக்கினார். சாவிக்குத் தேவையான தற்செயல் தன்மை அந்த வரிகள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. விளைவு, அந்த அமைப்பில் உண்டான சாவிகள் ஒரு வகைக்கு 32,767க்குள் ஒன்றாகவே இருந்தன. பூட்டுக்கடையில் ஆயிரம் பேருக்கு ஒரே சாவியை விற்ற மாதிரி. 2008 மே 13 அன்று லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து அறிவிப்பு வரும் வரை யாருக்கும் தெரியவில்லை. திருத்தம் ஒரே நாளில் வந்துவிட்டது. ஆனால் பழைய சாவிகள் உலகெங்கும் சர்வர்களின் பட்டியல்களில் உட்கார்ந்திருந்தன. அவற்றைத் தேடித் தேடி நீக்குவதுதான் உண்மையான வேலை.

இரண்டாவது, 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார். உலகம் நம்பிய சான்றிதழ் நிறுவனங்களில் ஒன்று. உள்ளே புகுந்த ஒருவன் 500க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை எழுதிக்கொண்டான். கூகுளின் பெயரில் எழுதிய ஒன்றை வைத்து ஈரானில் ஏறத்தாழ மூன்று லட்சம் இணைய முகவரிகளிலிருந்து போன ஜிமெயில் தொடர்புகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அந்த மக்கள் டிஜிநோட்டார் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் சார்பில் அவர்களுடைய பிரவுசர் அதை நம்பிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் அந்த நிறுவனம் திவாலானது.

மூன்றாவது நம் ஊர்க்கதை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி இந்தியாவில் சான்றிதழ் வழங்குபவர்களுக்கு ஒரு கட்டுப்பாட்டு அதிகாரி உண்டு. அவருக்குக் கீழே மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையமும் சான்றிதழ் வழங்கிவந்தது. 2014 ஜூலை 2 அன்று, அந்த மையத்தின் சான்றிதழ்கள் கூகுளின் முகவரிகளுக்கு முறைகேடாக எழுதப்பட்டிருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. மறுநாளே அந்த மையத்தின் சான்றிதழ் அதிகாரத்தை இந்தியக் கட்டுப்பாட்டு அதிகாரி ரத்து செய்தார். இந்திய அரசின் மூலச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் தன் நம்பிக்கைப் பட்டியலில் வைத்திருந்தது. அதனால் விண்டோஸ் வைத்திருந்த யாரும், இந்தியாவோடு தொடர்பே இல்லாதவரும், அந்தக் கையெழுத்தை நம்பும் நிலையில் இருந்தார்கள். அதன் பிறகு கூகுள் தன் பிரவுசரில் அந்த மூலச் சான்றிதழின் எல்லையைச் சில இந்திய முகவரிகளோடு சுருக்கிவிட்டது. ஒருவரை நம்பலாம், ஆனால் எதற்காக, எதுவரைக்கும் என்று எழுதி வைக்க வேண்டும். இந்த மூன்று விபத்துகளும் சொல்வது அதைத்தான்.

எங்கள் சிறு சர்வரிலும் எங்களுக்கு அந்தப் பாடம் வந்தது.

அங்கிளுக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்து நான்கு மாதம்தான். கடைசியாகச் சிட்னிக்குப் போய்ப் பார்த்தபோது வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "பதிவுகள் எல்லாம் ஏறுதோ பிள்ளை?" ஏறுகிறது அங்கிள் என்றேன். சர்வரைப் பற்றி அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சாகப்போகிறவரிடம் சாவியைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடமாக நோயாளிகளின் படுக்கையருகில் நிற்கிறவள் நான். அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்கப் பயிற்சி பெற்றவள். ஆனாலும் வரவில்லை. அது என் தவறு.

அந்தியேட்டி முடிந்து ஒரு வாரம் கழித்துச் சர்வரில் நுழைந்து பட்டியலைத் திறந்தேன். அப்போதுதான் முதல் தடவையாக அதை முழுவதும் படித்தேன். நாங்கள் ஐந்து பேரும் ஒரே கணக்கில்தான் இத்தனை நாளும் நுழைந்துகொண்டிருந்தோம். யார் எதைச் செய்தார் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. ஐந்து பேருக்கு ஒன்பது வரிகள் இருந்தன. ஒன்று என் பழைய மடிக்கணினியின் சாவி, அந்தக் கணினியை என் அக்கா மகனுக்குக் கொடுத்து இரண்டு வருடமாகிவிட்டது. ஒன்று குழுவை விட்டுப் போய்விட்ட ஒரு பையனுடையது. மூன்றின் குறிப்பில் அங்கிளின் பெயர். ஒன்றில் குறிப்பே இல்லை.

பெயரில்லாத அந்த வரி என்னைப் பயமுறுத்தியது. அந்தப் பதிவுகளில் ஒரு பாட்டி 1983 கலவரத்தில் தன் வீட்டில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாததை. தான் இருக்கும் வரை வெளியிடக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர். அதைக் கேட்கக்கூடிய யாரோ ஒருவர் அந்த வரியின் மறுமுனையில் இருக்கிறார். யார்?

உடனே அழித்துவிடலாம் என்று கை போனது. வார்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று என்னை நிறுத்தியது. என்னவென்று தெரியாத குழாயை அடைக்காதே, முதலில் அது எங்கே போகிறது என்று பார். எங்கள் குழுவில் கணினி தெரிந்த ஒரு தம்பி சர்வரின் நுழைவுப் பதிவுகளைத் தேடினார். யார் எந்தச் சாவியால் வந்தார் என்பதை அது சாவியின் கைரேகையோடு எழுதி வைக்கிறது. பெயரில்லாத அந்தச் சாவி தினமும் இரவு 2 மணிக்கு வந்தது. நிமிடம் தவறாமல். அங்கிள் இறந்த அன்றும், உடலை எடுத்த அன்றும், அதற்கு மறுநாளும்.

மனிதர் அப்படி வரமாட்டார். அது ஒரு சிறு கணினி. அங்கிளின் வீட்டு கராஜில், பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில், ஓடிக்கொண்டே இருந்தது. தினமும் இரவு வந்து எங்கள் பதிவுகளைப் பிரதி எடுத்துப் போனது. எங்களிடம் இருந்த ஒரே பிரதி அதுதான் என்பது எங்களுக்கே தெரியாது. வீட்டை விற்க அவர் மகன் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கராஜைக் காலி செய்ய ஆள் வரும் நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் அன்றைக்கு அந்த வரியை அழித்திருந்தால் பிரதி நின்றிருக்கும். அழிக்காமல் மறந்திருந்தால், எங்கள் சர்வரைத் திறக்கும் தனிச்சாவி ஒன்று பழைய சாமான் கடைக்குப் போயிருக்கும்.

தம்பி சிட்னிக்குப் போய் அந்தக் கணினியை எடுத்து வந்தார். வேறு இடத்தில் புதிய பிரதி ஏற்பாடு செய்து, அதிலிருந்து இரண்டு பதிவுகளைத் திரும்ப எடுத்துக் கேட்டுப் பார்த்தோம். அதற்கென்று புதிய சாவி. பிரதி எடுக்கும் அந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாதபடி பட்டியலிலேயே எல்லை போட்டோம். பிறகு ஆளுக்கொரு தனிக் கணக்கு. பிறகு பழைய வரிகளை ஒவ்வொன்றாக நீக்கினோம்.

அங்கிளின் மூன்று வரிகளைக் கடைசிக்கு வைத்தேன். உயிர் போன பிறகு உடலிலிருந்து ஊசிகளையும் குழாய்களையும் எடுத்து, துடைத்து, தலையைச் சரிசெய்து வைப்பது நர்ஸின் வேலை. பலமுறை செய்திருக்கிறேன். அதைச் செய்யும்போது நோயாளியை யாரும் அவமதிப்பதாக நினைப்பதில்லை. அந்த நினைப்போடுதான் அழித்தேன். ஆனாலும் பெயர் திரையில் இருந்து போனபோது கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் பட்டியல் முறையையே மாற்றினோம். ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் 2010 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பிலிருந்து சான்றிதழ் வசதி உண்டு. சர்வர் பல பேரின் சாவிகளை நம்ப வேண்டியதில்லை. கையெழுத்திடும் ஒரே ஒரு சாவியை நம்பினால் போதும். அந்தச் சாவி, "இது இன்னாருடைய பொதுச்சாவி, இன்ன கணக்கில் நுழையலாம், இன்ன தேதி வரை செல்லும்" என்று ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் எழுதித் தரும். கோன்ஃபெல்டர் 1978இல் சொன்னதுதான், எங்கள் ஐந்து பேர் அளவுக்கு. கையெழுத்திடும் சாவி இணையத்தில் இல்லாத ஒரு யுஎஸ்பியில், பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல்லின் பாதி எனக்குத் தெரியும், பாதி தம்பிக்குத் தெரியும். எங்களில் ஒருவர் போய்விட்டால் என்ன செய்வது என்பது மூடிய உறை ஒன்றில் மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. அந்த உறையைத் தயார் செய்ய எங்களுக்கு ஒரு மரணம் தேவைப்பட்டது.

எங்கள் சான்றிதழ்களுக்கு ஆயுள் 90 நாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, இன்னும் யார் இருக்கிறார், யாருக்கு எது வேண்டும் என்று பேசிப் புதுப்பிக்கிறோம். புதுப்பிக்காதவரின் அனுமதி தானாக முடிந்துவிடும். இடையில் யாருடைய சாவியாவது திருடு போனால் ரத்துப் பட்டியலில் சேர்க்கலாம். உலகமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. இணையதளச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பரில் 398 நாளாகக் குறைந்தது. 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகக் குறைப்பது என்று 2025இல் முடிவாகியிருக்கிறது.

இது தொல்லையும்தான். நான் கொஞ்ச நாள் வேலை செய்த ஒரு சிறு கிளினிக்கில், நோயாளிகளின் தேசிய மருத்துவப் பதிவைத் திறக்கும் சான்றிதழ் ஒரு திங்கட்கிழமை காலையில் காலாவதியாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் மருத்துவ நிறுவனங்கள் தங்களை அடையாளம் காட்டுவதற்கென்றே நாஷ் என்ற சான்றிதழ் முறை இருக்கிறது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில், வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் பெட்டிக்குப் போயிருந்தது. இங்கேயும் போனவரின் சாவிதான். காத்திருப்பு அறையில் இருந்தவர்களுக்கு அன்று நான்தான் பதில் சொன்னேன். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், அது காலாவதியாகாமல் இருந்திருந்தால் அவர் போய்விட்டதை அந்தக் கணினி உலகத்துக்குக் கடைசி வரை சொல்லியிருக்காது.

வேதாகமத்தில் ஏசாயா 22ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. அரண்மனைக் கண்காணிப்பாளன் செப்னா பதவி நீக்கப்படுகிறான். தாவீது வீட்டின் திறவுகோல் எலியாக்கீமின் தோளுக்குப் போகிறது. சிறு வயதில் சபையில் கேட்டபோது எலியாக்கீமின் பெருமை மட்டுமே என் மனதில் நின்றது. இப்போது செப்னாவைத்தான் நினைக்கிறேன். சாவி வருவதைப் போலவே அது போவதற்கும் ஒரு நாள் குறித்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலர் சங்கங்களையும் இதழ்களையும் தமிழ்ப் பள்ளிகளையும் நடத்துபவர்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கேயோ ஒரு சர்வரும் ஒரு பட்டியலும் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்கிற ஓர் அங்கிளும் இருப்பார். இந்த வாரம் அவரை அழையுங்கள். சாவிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் அங்கிளிடம் நான் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அந்தப் பாட்டி நலமாக இருக்கிறார். அவருடைய பதிவு பூட்டியே இருக்கிறது.